கேட்டில் சரக்கு கிடக்கக் கூடாது

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது முருகம்மாளை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். ஜெயக்கொடி அப்போது தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

முருகம்மாள் கீழக்குயில்குடிக்காரி. பழைய ஸ்கூட்டியில் காலடியில் ஒரு மூட்டை, முதுகில் ஒரு மூட்டை என்று பசுமலைப் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் பார்சல் கொண்டுவருகிறவள். இரண்டு வருடமாக இந்தத் தெருவுக்கு அவள்தான். எந்த வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள், எந்த வீட்டு நாய் குரைக்காமல் கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். ஆள் இல்லாத வீடென்றால் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு, கேட்டுக்கு மேலே கையை விட்டு உள்பக்கம் வைத்து, படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போவாள். இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. இந்த இரண்டு வாரத்தில் மட்டும் நாலு பார்சல் காணாமல் போயிருந்தது.

"நான் வச்சதுக்குப் படம் இருக்கு சார். தேதி, மணி எல்லாம் போட்டிருக்கு பாருங்க" என்று போனை நீட்டினாள் முருகம்மாள்.

எதிர்வீட்டு ஹாலாஸ்யம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவின் வாட்ஸ்அப் குரூப் அவர் கையில்தான் இருந்தது. "படம் சரிம்மா. படம் எடுத்தப்புறம் என்ன ஆச்சுன்னு படம் சொல்லுமோ? நான் கேக்கலை, குரூப்ல கேக்கறா."

"எடுத்துட்டுப் போயி நான் என்ன சார் செய்யப்போறேன்? ஒங்க பேத்தி பட்டுப்பாவாடைய நானா உடுத்தப்போறேன்? எனக்குக் கைக்குட்டைக்குக்கூடப் பத்தாது."

"சிரிக்கிற விசயமா இது?" என்றாள் மூன்றாவது வீட்டு மீனா டீச்சர். "என் மிக்ஸி ஜார் போச்சு. முறுக்குக்கு எதுல அரைக்க?"

"ஜார மட்டும் களவாண்டு நான் எதுல மாட்ட டீச்சர்? களவாண்டா மிக்ஸியோட களவாள மாட்டேனா?"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பும் பாதியில் நின்றது.

"நாளன்னிக்குள்ள பொருள் வரலேன்னா எல்லாரும் சேர்ந்து கம்ப்ளெயிண்ட் போடறதா முடிவு பண்ணிருக்கா" என்றார் ஹாலாஸ்யம்.

"சார், போட்டா ஐடிய முடக்கிருவாங்க சார். அப்புறம் எந்தக் கம்பெனியிலயும் சேக்க மாட்டாங்க."

அப்போதுதான் ஜெயக்கொடியின் கணவர் பாண்டியராஜன் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா. மனைவியைத் தாண்டி இரண்டு படி இறங்கி நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"சரக்க கேட்டுல போட்டுட்டுப் போனா களவு போகாம என்ன செய்யும்? அதுலயும் லீவு நேரம். கேட்டுல சரக்கு கெடக்கக் கூடாது சார்."

"பாத்தேளா, அனுபவஸ்தர் சொல்றார்" என்றார் ஹாலாஸ்யம். "பேசாம உங்காத்துலயே எல்லாத்தையும் வாங்கி வச்சுடலாம் சார். உங்க கையைவிட சுத்தமான கை இந்தத் தெருவுல ஏது?"

"அதெல்லாம் வேணாம் சார்" என்று ஜெயக்கொடி அவசரமாகச் சொன்னாள். "அவருக்கு பிரஷர் இருக்கு. அலைய முடியாது."

பாண்டியராஜன் திரும்பி அவளைப் பார்த்தார். தனக்குப் பிரஷர் இருப்பது அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. உண்மையில் இல்லைதான்.

கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ஒரு இயந்திர உதிரிபாகக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் அவர். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் என்று எந்த விடுமுறையானாலும் முந்தின நாள் அவர் வீடு வந்து சேர நேரமாகும். லாரி இறக்கிவிட்டுப் போன பெட்டி ஒன்றுகூட கேட்டருகில் கிடக்க விடமாட்டார். உள்ளே ஏற்றி, ஈரம் ஏறாமல் பலகை மேல் அடுக்கி, சாக்கைப் போட்டு மூடி, தன் கையாலேயே சணல் கட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். ஓய்வு பெற்ற அன்று மேனேஜர் மாலை போட்டு, "ஒரு நட்டு, ஒரு போல்ட்டு குறைஞ்சதில்ல" என்று மைக்கில் சொன்னார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஜெயக்கொடிக்கு அந்த நேரம் பெருமையாக இருந்தது என்று சொல்ல முடியாது. அவளுக்கு ஒரு கொக்கி ஞாபகம் வந்தது.

மகள் அஸ்வினி பிறந்த புதிதில், தொட்டில் கட்ட ஒரு இரும்புக் கொக்கி வேண்டும் என்று அவரிடம் கேட்டிருந்தாள். ஸ்டோரில் கொக்கிகள் குவிந்து கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். "ஒண்ணே ஒண்ணுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டுவிட்டாள். அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் கடையில் வாங்கிய கொக்கியை அவள் முன்னால் வைத்தார். அந்த மூன்று நாளும் குழந்தையை மடியிலேயே போட்டு ஆட்டிய கோபம், குழந்தை வளர்ந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகும் அவளிடம் ஒரு ஓரத்தில் இருந்தது. நல்லவனோடு வாழ்வதில் ஒரு தனிமை உண்டு. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த ஆடி மாதம் அவரை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஒரு வருடமாகவே வழக்கமான கடைக்குப் போகும் வழி அவருக்குக் குழம்பியது. படித்த பேப்பரையே திரும்பத் திரும்பப் படித்தார். டாக்டர் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். அவர் அழகாக வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்ணையும் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதினார். பிறகு அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் அவளிடம் பேசினார். "பேர் மறக்கும், நாள் மறக்கும், போன வழி மறக்கும். ஆனா மனசுல பட்ட அடி மட்டும் லேசுல போகாதும்மா. என்ன பேசினோம்ங்கறது மறந்தாலும் அந்த வலி அப்படியே இருக்கும். நோகற மாதிரி எதையும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர் பழங்காநத்தம் தாண்டியதும் கேட்டார். "கொடி, நான் தப்பா வரைஞ்சுட்டனா?"

"இல்லங்க. சரியாத்தான் வரைஞ்சீங்க."

கொடி என்று அவளைக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். நோயின் பேரை அவள் மகளிடம் மட்டும் சொன்னாள். அவரிடம் சொல்லவில்லை. தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு அவரைப் பற்றித் தெரிந்த நல்லது ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. யாரோ வந்து பரிதாபமாகத் தலையைத் தடவி அதையும் வாங்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று நினைத்தாள்.

மறுநாள் மதியம் வானம் கறுத்தது. துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன ஜெயக்கொடி, மாடிப்படிக்கு அடியில் கிடக்க வேண்டிய இரும்பு ஏணி மேலே நிமிர்த்தி வைத்திருப்பதைப் பார்த்தாள். படிக்கட்டுக் கூரையின் மேல் பழைய சின்டெக்ஸ் டேங்க் ஒன்று இருந்தது. போன வருடம் விரிசல் விட்டதால் புதிது வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, இதை இறக்க ஆள் கிடைக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். டேங்க் மூடியின் மேல் ஒரு செங்கல். செங்கல் கோணாமல், சரியாக நடுவில் வைக்கப்பட்டிருந்தது.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். மூடியைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். உள்ளே இருட்டுப் பழகச் சற்று நேரமானது.

அடியில் ஒரு பலகை. பலகையின் மேல் நாலு அட்டைப் பெட்டிகள், பெரியது கீழே, சிறியது மேலே. எல்லாவற்றையும் மூடி ஒரு அரிசிச் சாக்கு. ஒவ்வொரு பெட்டியிலும் குறுக்கும் நெடுக்கும் சணல், நடுவில் அவளுக்கு முப்பது வருடமாகத் தெரிந்த அந்த இரட்டை முடிச்சு. ஓரத்தில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்கள் சில இருந்தன. ஒன்றைப் பிரித்தாள். ஆவணியில் காணாமல் போன குக்கர் வெயிட். இன்னொன்றில் அவளுடைய மூக்குக் கண்ணாடி. வேலைக்காரி வைக்காத அந்த வீட்டில், பொருள் தொலையும்போதெல்லாம் தனக்கும் மறதி வந்துவிட்டதோ என்று அவள் பயந்திருந்தாள்.

தினமும் பதினொரு மணிக்குக் குடையும் மஞ்சள் பையுமாக அவர் நடக்கப் போவது அவளுக்குத் தெரியும். நல்லதுதானே, நாலு எட்டு நடக்கட்டும் என்றுதான் விட்டிருந்தாள். அவர் நடந்த தெருவில் கேட்டுக்குக் கேட்டு சரக்கு கிடந்திருக்கிறது. தீபாவளி வருகிறது. யாரும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. அவர் என்ன செய்வார்?

ஏணியிலேயே உட்கார்ந்து அழுதாள். முதல் தூறல் விழுந்ததும், அழுகையை நிறுத்திவிட்டு மூடியைச் சரியாகப் போட்டு, செங்கல்லை நடுவில் வைத்தாள். பெட்டி நனையக் கூடாது என்று அவளுக்கும் தோன்றியது.

கீழே அவர் கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, மேல பழைய டேங்குல என்னமும் வச்சிருக்கீங்களா?"

"எந்த டேங்க்கு?"

"ஓட்ட டேங்க்குங்க. மாடில."

"அத எறக்கியாச்சுல்ல போன வருசமே?" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அவருக்குப் பொய் சொல்லவே வராது. "ஏன், டேங்கு ஒழுகுதா?"

"இல்லங்க. சும்மா கேட்டேன்."

அன்று மாலை முழுக்க அவள் மனதில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். ஹாலாஸ்யத்திடம் உண்மையைச் சொல்லலாம். அவர் மனைவி நாகலக்ஷ்மி மாமி கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்குவாள். ஆனால் அரை மணியில் அது குரூப்புக்கு வரும். மறுநாள் காலை அவர் குடையோடு இறங்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஓடிவந்து வாசலில் கிடப்பதை உள்ளே எடுத்து வைப்பார்கள். யாராவது ஒருவர், கெட்ட எண்ணமே இல்லாமல், "சார், எங்க பார்சல எடுத்து வச்சது நீங்கதானாமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுவார்கள். நான் களவாண்டேனா, கொடி, என்று வந்து அவர் நிற்பார். எப்படி வந்தது என்பதை மறப்பார். களவாண்டவன் என்பது மட்டும் தங்கும்.

முருகம்மாளிடம் கொடுத்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் அவள்தான் திருடி என்று முடிவாகிவிடும். கண்மாய்க்கரையில் கிடந்தது என்றால் யார் நம்புவார்கள்? கடைசியில் அவளுக்குத் தோன்றியது எளிய வழியாக இருந்தது. விடியற்காலையில் கோலம் போட வெளியே வருகிறவளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்நேரம் முருகம்மாள் தன் ஊரில் இருப்பாள். அவள் மேல் பழி வராது. காணாமல் போன பொருள் வாசலில் இருந்தால் போதும், ஜனங்கள் சாமி புண்ணியம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கோலமாவுக் கிண்ணத்தோடு கிளம்பினாள். முதல் நாள் இரவே பெட்டிகளை இறக்கி, இரட்டை முடிச்சுகளை அவிழ்த்திருந்தாள். அவிழ்க்க வராத ஒன்றை மட்டும் கத்தரித்தாள், கத்தரிக்கும்போது ஏதோ பாவம் செய்வது போல இருந்தது. மீனா டீச்சர் வீட்டில் ஒன்று. கோடிவீட்டில் இரண்டு. கடைசியாக ஹாலாஸ்யம் வீட்டுக் கேட்டுக்கு மேலே கையை விட்டு, பட்டுப்பாவாடைப் பெட்டியை மெதுவாக உள்ளே இறக்கினாள். கேட்டுத் தூணின் மேல் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு ஏதோ சீரியல் பல்பு போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அது கேமரா. அமெரிக்காவிலிருந்து ஹாலாஸ்யத்தின் மகன் சிவராம் சொல்லி, எலெக்ட்ரீசியன் வந்து முதல்நாள் மாலைதான் மாட்டிவிட்டுப் போயிருந்தான். அதைப் பற்றிக் குரூப்பில் ஹாலாஸ்யம் நீளமாக எழுதியிருந்தார். முருகம்மாளை ஆளாளுக்கு ஏசுவதைப் பார்க்கச் சகிக்காமல் ஜெயக்கொடி இரண்டு நாளாக அந்தக் குரூப்பைத் திறக்கவில்லை.

எட்டு மணிக்கு வந்தார்கள். ஹாலாஸ்யம், மீனா டீச்சர், கோடிவீட்டு இரண்டு பேர். பாண்டியராஜன் முன்னறையில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், அம்மாகிட்ட ஒரு வார்த்தை. தனியா பேசினா தேவலை" என்றார் ஹாலாஸ்யம்.

"எதுன்னாலும் இங்கயே பேசுங்க சார். எங்க வீட்ல என்ன தனி?"

ஹாலாஸ்யம் தயங்கினார். கோடிவீட்டுக்காரர் தயங்கவில்லை. போனைப் பாண்டியராஜன் கையிலேயே கொடுத்தார். அவர் அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு தெரு. ஒரு பெண் வருகிறாள். இரண்டு பக்கமும் பார்க்கிறாள். கேட்டுக்கு மேலே கையை விடுகிறாள்.

"யாரு இது?" என்று கேட்டார். இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார். "நம்ம வீட்டுச் சேல மாதிரி இருக்கே."

சமையலறை நிலைப்படியில் ஜெயக்கொடி நின்றிருந்தாள். மீனா டீச்சர் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகமாக இருந்தது. "அக்கா, வேற யாரும் ஒங்ககிட்ட குடுத்து வச்சாங்களா? இருந்தா சொல்லுங்கக்கா. ஒங்களயெல்லாம் யாரும் அப்பிடி நெனைக்கல."

சொல்வதற்கு ஒரு வார்த்தைதான். அவர் என்று சொன்னால் போதும். அந்த நேரத்தில் அவளுக்குள் எத்தனை பேர் பேசினார்கள்! சொல்லு, உனக்கென்ன தலையெழுத்தா என்றாள் ஒருத்தி. மூன்று நாள் குழந்தையை மடியில் ஆட்டியவள் அவள். இன்னொருத்தி பேசவில்லை. பஸ் ஜன்னலோரம் திரும்பிய அந்த முகத்தை மட்டும் காட்டினாள். இப்போதும் அவர் முகம் அப்படித்தான் இருந்தது. தப்பாக வரைந்துவிட்டேனா என்று கேட்கிற முகம்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் ஜெயக்கொடி. "ஆசப்பட்டு எடுத்துட்டேன். மனசு கேக்கல. திருப்பி வச்சுட்டேன்."

தெருவில் பால் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது.

பாண்டியராஜன் போனைத் திருப்பிக் கொடுத்தார். பேப்பரை நாலாக மடித்து நாற்காலியில் வைத்தார். எழுந்து நின்று, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வந்தவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்துத் தனித்தனியாகக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கங்க சார். மன்னிச்சுக்கங்க டீச்சர். முப்பத்தோரு வருசம். ஒரு நட்டு கொறஞ்சதில்ல. எங்க வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு. நான்தான் பாக்காம இருந்துட்டேன்."

"சார், விடுங்கோ. பொருள் வந்துடுத்து. இத்தோட விட்டுடலாம்" என்று ஹாலாஸ்யம் அவர் கையைப் பிடித்து இறக்கினார். "உங்காத்துல எல்லாத்தையும் வாங்கி வைக்கலாம்னு சொன்னேனே" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போனார்.

எல்லோரும் போன பிறகு அவர் அவளிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்திருந்தால் நல்லது என்று பிறகு பலமுறை நினைத்தாள்.

"தொட்டிலுக்கு ஒரு கொக்கி கேட்டியே" என்றார். "அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது தெரியாதவர். பெற்ற மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று தினம் இரண்டு முறை கேட்கிறவர். இருபத்தெட்டு வருடத்துக்கு முந்திய கொக்கியை அவர் தேட வேண்டியிருக்கவில்லை. அதை அவரும் பத்திரமாகவே வைத்திருந்தார்.

மறுநாளே முருகம்மாள் வந்தாள். கையில் பார்சல் இல்லை. கொல்லைப்பக்கமாக வந்து, துவைகல் அருகில் நின்ற ஜெயக்கொடியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க எடுக்கல. எனக்குத் தெரியும்."

"சத்தம் போடாத."

"போன வாரம் சாரு என்னைய மறிச்சு, 'கேட் பாஸ் எங்க, கேட் பாஸ் இல்லாம சரக்க எறக்குற'ன்னு அம்புட்டு அதட்டு அதட்டுனாரு. நானும் வெளையாட்டுன்னு நெனச்சு, 'வீட்ல வச்சுட்டு வந்துட்டேன் முதலாளி'ன்னேன். 'நாளைக்கு வேல இருக்காது பாத்துக்க'ன்னாரு. அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. எங்க மாமனாருக்கும் இப்பிடித்தான்க்கா ஆச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "என் மேல இருந்த பழி போயிருச்சு. அது ஒங்க தலைல விழுந்துருச்சு. நான் போயி அந்த பாங்க் சாருகிட்ட சொல்லிர்றேன்க்கா."

"சொல்லக் கூடாது."

"ஏன்க்கா? பால்காரன் வரைக்கும் ஒங்களப் பத்திப் பேசுறான்."

"பேசட்டும். நான் தாங்கிக்குவேன். என்னையப் பத்தி எனக்குத் தெரியும்ல? அவருக்கு அவரப் பத்தித் தெரியாமப் போயிட்டிருக்கு முருகம்மா. ஊர் சொல்றதுதான் அவருக்கு மிச்சம். நீ சொன்னா அது அவரு காதுல விழுகும். விழுந்தா அதோட சரி."

முருகம்மாள் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்துவிட்டுப் போனாள்.

தான் சொன்னது முழு உண்மைதானா என்று ஜெயக்கொடி அதன் பிறகு பல மணி நேரம் யோசித்தாள். அவருக்காக மட்டும்தான் சொன்னேனா? நல்லவர் என்ற பட்டம் முப்பது வருடமாக அந்த வீட்டில் ஒருவருக்கே இருந்தது. ஒரே ஒருமுறை அவரைவிடப் பெரியவளாகிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்திருக்குமோ? இருந்திருந்தால், அதற்கு இதுதான் கூலி. யாருக்கும் தெரியாத பெருமை தொண்டையில் மீன்முள் மாதிரிக் கிடந்தது.

அவர் மறந்துவிடுவார் என்று அவள் மூன்று நாள் நம்பினாள். எல்லாவற்றையும் மறக்கிறவர்தானே. பேப்பரை மறந்தார், குளித்ததை மறந்தார், ஒருநாள் காலையில் கண்ணாடியில் தன்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். வீடியோவை மறந்தார். வந்தவர்கள் யார் என்பதை மறந்தார். ஆனால் பீரோச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். அவள் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வந்து நின்றார். கடுகு டப்பாவைத் திறந்தால்கூட எட்டிப் பார்த்தார். பதினொரு மணிக்கு நடக்கப் போவதையும் விட்டுவிட்டார். வீட்டைக் காக்க வேண்டியிருந்தது.

ஹாலாஸ்யம் தன் கேட்டருகில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி ஒன்றை வைத்தார். மேலே ஒரு வாய், பார்சலைப் போடலாம், எடுக்க முடியாது. தெரு நிம்மதியானது. அதன் பிறகு ஒன்றும் காணாமல் போகவில்லை. அதனால் ஜெயக்கொடிதான் என்பது உறுதியானது. கோலம் போடும்போது எதிர்வீட்டு நாகலக்ஷ்மி மாமி உள்ளே போய்விட்டு, அவள் முடித்த பிறகு வெளியே வந்தாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் மாலை மூன்று மணிக்கு முருகம்மாளின் ஸ்கூட்டி அந்த வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. அஸ்வினிக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்குச் சட்டை வேட்டி, இரண்டையும் ஒரே பெட்டியில் அனுப்பியிருந்தாள். "ராமர் பச்சைம்மா, ஒனக்குப் புடிச்சது. காலைல கட்டிட்டுப் படம் அனுப்பு" என்று போனில் சொல்லியிருந்தாள். நடந்தது எதுவும் மகளுக்குத் தெரியாது.

பாண்டியராஜன் கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையை நீட்டிப் பெட்டியை வாங்கினார்.

"யார் பேருக்கு வந்திருக்கு?"

"ஜெயக்கொடி அக்கா பேருக்கு சார்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அந்தப் பேர் எங்கேயோ தட்டுப்படுகிறது, எங்கே என்று பிடிபடவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, முருகம்மாளைக் கிட்டே வரச் சொல்லி, கம்பெனி விஷயம் பேசுகிறவர் போலச் சொன்னார். "இந்தாம்மா, இனிமே எது வந்தாலும் நேரா என் கைல குடு. உள்ள ஒரு பொம்பள இருக்கு. அது கைல மட்டும் குடுத்துறாத. கை சுத்தம் இல்ல."

முருகம்மாள் அவர் தலைக்கு மேலே நிலைப்படியைப் பார்த்தாள். அங்கே நின்ற ஜெயக்கொடி, சரி என்று சொல்லு என்பது போலத் தலையை அசைத்தாள்.

"சரிங்க சார்" என்றாள் முருகம்மாள். ஸ்கூட்டியைக் கிளப்ப அவள் மூன்று முறை உதைக்க வேண்டியிருந்தது.

அவர் பெட்டியை மேசை மேல் வைத்துச் சணல் கட்டினார். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. விரல்கள் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. நடுவில் அந்த இரட்டை முடிச்சு. நாளைக்கு லீவு. வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். ஜெயக்கொடி நாலு படி விட்டுப் பின்னால் போனாள்.

மொட்டை மாடி ஈரமாக இருந்தது. அவர் ஏணியை நிமிர்த்தியபோது கால் வழுக்கி ஏணி நகர்ந்தது. அவள் ஓடிப்போய்ப் பிடித்தாள். தெருவில் அதற்குள் வெடி போடத் தொடங்கியிருந்தார்கள்.

அவர் முதல் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"பிடிச்சுக்க. ஆனா மேல வரக் கூடாது. அங்கெல்லாம் சரக்கு இருக்கு."

"வரலங்க" என்றாள் ஜெயக்கொடி. "நீங்க பாத்து ஏறுங்க."

அவர் ஒவ்வொரு படியாக ஏறினார். அவள் ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.